சாதி இல்லை என்கிற கிறிஸ்தவர் சொந்தச் சாதியில் வரன் தேடினால் அது வேஷமா?

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. உங்கள் அலுவலக நண்பர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், "எங்க மார்க்கத்துல சாதியே கிடையாது" என்று உங்களிடம் பலமுறை சொன்னவர். அவர் தங்கைக்கு வரன் தேடிக் கொடுத்த விளம்பரத்தில் "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற" என்பதற்கு அடுத்த சொல்லே சாதிப் பெயராக இருந்திருக்கிறது. பார்த்ததும் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்தவர்கள் ஏன் இப்படி இரட்டை வேஷம் போடுகிறார்கள், அந்தச் சமத்துவப் பேச்சே பொய்தானா என்று கேட்கிறீர்கள். நண்பர் பொய் சொல்கிறாரா என்பது ஒன்று. அவர் பேசும் லட்சியம் பொய்யா என்பது வேறொன்று. இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில் இல்லை.

நான் தென் மாவட்டத்தில் ஒரு புராட்டஸ்டன்ட் சபையில் 32 வருஷம் குருவானவராக இருந்து ஓய்வு பெற்றவன். நடுவில் சில வருஷம் மாணவர்களுக்குச் சபைச் சரித்திரம் நடத்தினேன். அதனால் கத்தோலிக்கர் விஷயம் எனக்குப் படிப்பு மூலமும் சாமியார் நண்பர்கள் மூலமும் தெரிந்ததுதான். பெந்தெகொஸ்தே சபைகளை வாசலில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். உலகக் கிறிஸ்தவர்கள் எல்லோரையும் பற்றிப் பேசுகிற தகுதி எனக்குக் கிடையாது. நீங்கள் கேட்டதும் அது இல்லை.

முதலில் அந்த வேஷம் என்கிற சொல். சுவிசேஷத்தில் இயேசு பரிசேயரைத் திட்டும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது நாடக நடிகனைக் குறிக்கிற சொல். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் அது "மாயக்காரர்", இப்போது கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் "வெளிவேடக்காரர்". நடிகன் என்றால் தான் நடிக்கிறோம் என்று தெரிந்தவன். ஆசைப்பட்ட நன்மையைச் செய்ய முடியாமல் விழுகிறவன் இவன் இல்லை. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று பவுலே ரோமருக்கு எழுதியிருக்கிறார், அதை யாரும் மாய்மாலம் என்று சொல்வதில்லை. குடியை விட முடியாமல் அழுகிறவன் பலவீனன். கோயிலில் குடிக்கு எதிராகப் பேசிவிட்டு வீட்டில் பாட்டிலை ஒளித்து வைக்கிறவன் மாயக்காரன். உங்கள் நண்பர் இதில் எந்த வகை என்று பார்த்தால், எனக்கு இரண்டுமே இல்லை என்றுதான் தோன்றுகிறது. அவர் சாதிப் பெயரை ஒளிக்கவில்லையே, பத்திரிகையில் காசு கொடுத்துப் போட்டிருக்கிறார். வேஷம் போடுகிறவன் இப்படிச் செய்வானா?

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவியது. சரி, உதவியது என்று இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்கு அது வெறும் தலைவலி. ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணி மூட்டை கட்டிய பிறகு, சபையில் மூத்த ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். அவர் மகளும் அதே சபைப் பையன் ஒருவனும் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடுகிறவர்கள். இரண்டு பேரும் என்னிடம் வந்து ஓலை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். (எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் அறிவிப்பதை ஓலை வாசிக்கிறது என்போம்.) பையன் வேறு சாதி. எந்தச் சாதி என்று சொல்லப்போவதில்லை, இரண்டு வீட்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் இந்தக் கதை அப்படியேதான் நடந்திருக்கும்.

"ஐயா, பையன் தங்கமான பையன். நம்ம சபைப் பிள்ள. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "ஆனா நாளைக்கு என் தம்பிமாரு என் வாசல்ல கால் வைக்க மாட்டானுவ. இளையவ ஒருத்தி இருக்கா, அவள யாரு வந்து கட்டுவா?"

"அண்ணாச்சி, போன வாரம் கலாத்தியர் நிருபம் நீங்கதான வாசிச்சிய?"

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். கோபமே இல்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி, "அது வேற, ஐயா" என்றார்.

போன வாரம் அவர் வாசித்தது மூன்றாம் அதிகாரம். யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, எல்லோரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்கிற பகுதி. நல்ல கணீர் குரல் அவருக்கு. அவர் நடிக்கவில்லை. வாசித்ததை அவர் முழுசாக நம்பினார். அது கல்யாணத்துக்குப் பொருந்தும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. உங்கள் நண்பரும் பெரும்பாலும் இந்த "அது வேற" ஆள்தான் என்று நினைக்கிறேன்.

இந்த "அது வேற" அந்த அண்ணாச்சி கண்டுபிடித்தது இல்லை. இதற்கு நானூறு வருஷ வயசு. இதை என் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை, ஆவணத்தோடு இருக்கிற விஷயம். 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியச் சேசு சபைச் சாமியார் ராபர்ட் டி நோபிலி காவி கட்டி, சைவ உணவு சாப்பிட்டு, சந்நியாசியாக வாழ்ந்தார். மேல்சாதியிலிருந்து வந்தவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம், அவை சமூக வழக்கம், சமயத்தோடு சேர்ந்தவை இல்லை என்று வாதாடினார். 1623-ல் ரோமிலிருந்து போப்பும் அதை அனுமதித்தார். அவர் நோக்கம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். தமிழும் சமஸ்கிருதமும் படித்து இந்த மண்ணை மதித்த மனுஷர், கிறிஸ்தவனாவதென்றால் பரங்கியாவது என்கிற நினைப்பை உடைத்தவர். ஆனால் சமயம் ஒரு பக்கம், சமூக வழக்கம் ஒரு பக்கம் என்று அவர் போட்ட கோட்டின் மேல் பின்னால் வந்தவர்கள் சுவரே கட்டிவிட்டார்கள். சில பத்து வருஷத்திலேயே மேல்சாதிக்குத் தனிச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று தனிச் சாமியார் என்கிற ஏற்பாடு வந்துவிட்டது.

புராட்டஸ்டன்ட் ஆட்கள் இதில் ரொம்ப யோக்கியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1706-ல் சீகன்பால்க் என்கிற ஜெர்மன் மிஷனரி தரங்கம்பாடியில் வந்திறங்கித் தொடங்கிய சபையிலேயே சாதிவாரியாக இடம் பிரித்துத்தான் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் யார் முதலில் பாத்திரத்தை வாங்குவது என்பது பெரிய தகராறாகவே இருந்தது. கிறிஸ்துவின் இரத்தத்துக்கு அடையாளமான பாத்திரத்தில் யார் எச்சில் முதலில் படலாம் என்பதுதான் அங்கே சண்டை, யோசித்துப் பாருங்கள். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார்: சபையில் சாதி வேற்றுமையை உறுதியாக, உடனடியாக, முடிவாகக் கைவிட வேண்டும். தஞ்சாவூர்ச் சபையும் சென்னை வேப்பேரிச் சபையும் கொதித்தன. அருமையான ஞானப்பாடல்கள் எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதியவர்தான். அவர் பாட்டை இன்றைக்கும் எல்லாச் சாதியாரும் சேர்ந்து பாடுகிறோம். பிறகு லைப்சிக் மிஷன் என்கிற ஜெர்மன் லுத்தரன் மிஷன் வந்து சாதியைச் சமூக வழக்கமாகப் பொறுத்துக்கொண்டதும், வில்சன் உத்தரவு பிடிக்காத பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மதுரையில் அமெரிக்க மிஷன் வேறு வழி பிடித்தது. உபதேசியார்கள் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று 1840-களில் வற்புறுத்தியது. வேலையைவிட்டுப் போனவர்கள் உண்டு.

சாப்பாட்டை வைத்துச் சோதித்தது எனக்குப் பிடித்த விஷயம், ஏனென்றால் அது புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. அண்ணாச்சி வாசித்த அதே நிருபத்தில் ஒரு அதிகாரம் முன்னால் போனால் அந்தியோகியா சம்பவம் வரும். பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமிலிருந்து சொந்த ஆட்கள் வந்ததும் பயந்து "விலகிப் பிரிந்தான்" என்று எழுதியிருக்கிறது. மற்றவர்களும் அவரோடு "மாயம்பண்ணினார்கள்", அவர்கள் மாயத்தினாலே பர்னபாவும் இழுப்புண்டான். கவனியுங்கள், அப்போஸ்தலரைப் பார்த்தே அந்த மாயம் என்கிற சொல்லைச் சொல்லும்படி செய்தது பணமோ பெண்ணோ இல்லை, யாரோடு சாப்பிடுகிறோம் என்கிற விஷயம். காரணமும் நம் அண்ணாச்சி சொன்ன காரணமேதான், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்பது. இதைப் படித்த பிறகு எவனும் "அது வேற" என்று சொல்ல முடியாது என்று நினைப்பீர்கள். சொல்கிறோம்.

கல்லிலேயே பார்க்க வேண்டுமானால் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம். 1872-ல் கட்டி முடித்த அந்தக் கத்தோலிக்கக் கோயிலின் பழைய அமைப்பில் இரண்டு நீளக் கூடங்கள், கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி பிரிந்து நின்று பீடத்தில் மட்டும் சேரும். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார்கள். சாமியாரை இரண்டு பேரும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். இதற்குத்தான் பலவீனம் என்கிற சொல் பொருந்தாது என்கிறேன். பலவீனத்துக்கு யாரும் வரைபடம் போட்டு, கொத்தனார் வைத்து, அஸ்திவாரம் தோண்டுவதில்லை. 1910 வாக்கில் கௌசானல் என்கிற பிரெஞ்சுச் சாமியார் அந்தத் தடுப்பை இடித்தார். வெள்ளாளர் தரப்பு தடுப்பு வேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் போனது, மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. வெள்ளைக்கார அரசின் நீதிமன்றம் வந்துதான் கோயிலுக்குள் யார் எங்கே உட்காரலாம் என்று சொல்ல வேண்டியிருந்தது என்பதை நான் வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைத் தனியாகப் பிரிக்கும் சுவர் பற்றிப் பல வருஷமாகப் போராட்டம் நடந்திருக்கிறது. "வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள்" என்று இயேசு சொன்னது உவமைதான், நாம் அதை நேர்ப்பொருளிலேயே நிறைவேற்றிவிட்டோம். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் கோயிலுக்குப் போகும் பொதுத் தெரு, சவ ஊர்வலம், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு (தங்களுக்கென்று தனிச் சபை) கேட்டது என்று வளர்ந்த தகராறில் போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போய் வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். 2003-ல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களை நேரில் வைத்தே கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது உண்மையான மனித ஒற்றுமைக்கு எதிரான அடையாளம் என்று பேசினார். 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டது.

அந்த ஒப்புதலுக்குப் பின்னால் இன்னொரு சங்கடமும் உண்டு. 1950-ம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது, 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் இன்னும் வெளியே. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவருக்கு, மற்றத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த பெட்டிக்கடை கிடைக்கவில்லை, கிறிஸ்தவர் என்பதால். உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே அளவுக்கு இழிவு தொடர்கிறது என்று காட்டவில்லை என்று 1985-ல் தள்ளுபடி ஆனது. ஆக, தலித் கிறிஸ்தவருக்கு நியாயம் கேட்க வேண்டுமானால் டெல்லியில் போய், எங்களுக்குள் சாதி இருக்கிறது என்று சபைத் தலைவர்கள் நிரூபிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், நமக்குள் சாதி இல்லை என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு பேச்சையும் ஒரே வாரத்தில் ஒரே வாய் பேசி நான் கேட்டிருக்கிறேன். அப்புறம் அதே ஆட்கள் சபைத் தேர்தலில் சாதிவாரியாக ஓட்டு எண்ணிக் கணக்குப் போடுவார்கள், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இது வரை சொன்னது உறுதியானது. இனிமேல் சொல்வது என் அனுபவத்தில் ஊகிப்பது. ஏன் இது இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது? ஒரு காரணம், தெற்கே மனமாற்றம் பெரும்பாலும் ஆள் ஆளாக நடக்கவில்லை, தெருத் தெருவாக, ஊர் ஊராக நடந்தது. ஒரு சாதித் தெரு மொத்தமும் ஞானஸ்நானம் வாங்கினால் சபையே சாதிதான். அங்கே எல்லோரும் சகோதரர் என்று பாடுவதற்கு யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, நிஜமாகவே எல்லோரும் மாமன் மச்சான்தான். இரண்டாவது, கல்யாணம் என்பது ஒரு காப்பீடு மாதிரி. சாவு வீட்டுக்கு யார் வருவார்கள், அவசரத்துக்கு யார் கடன் தருவார்கள், இளையவளை யார் கட்டுவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 1799-ல் எங்கள் தெற்கே முதலூர் என்கிற கிறிஸ்தவ ஊர் உண்டானதே, ஊரில் இருக்க விடாமல் துரத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு இடம் வேண்டும் என்றுதான். அன்றைக்குச் சபையே ஊராக நின்றது. இன்றைக்கு அந்த அண்ணாச்சியிடம், தம்பிகள் வராவிட்டால் நாங்கள் வருகிறோம், இளையவள் கல்யாணம் எங்கள் பொறுப்பு என்று சொல்ல எந்தச் சபை தயாராக இருந்தது? வசனம் மட்டும் சொன்னோம்.

மூன்றாவது காரணம் எங்கள் வகையறாவைச் சேர்ந்தது. குடித்துவிட்டு வந்தவனை, இரண்டாம் தாரம் கட்டினவனைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன், அதெல்லாம் சபைப் பதிவேட்டில் என் கையெழுத்தோடு இருக்கும். சாதிக்காகப் பெண் கொடுக்க மறுத்தவர் ஒருவரையும் நான் விலக்கியதில்லை. என் சக குருமார் யாரும் விலக்கியதாக நான் கேட்டதும் இல்லை. சில பாவத்துக்குத் தண்டனை உண்டு, சில பாவம் பாவப் பட்டியலிலேயே வராது என்று நாங்களே வருஷக்கணக்கில் ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்தோம். அப்புறம் அவர்களை மாயக்காரர் என்று எப்படிச் சொல்வது?

அந்த ஓலையை நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சட்டப்படி அதை நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. நெருங்கிய இரத்த உறவு, உயிரோடிருக்கும் துணை, வயது, இப்படித்தான் தடை சொல்லலாம், சாதி என்பது அந்தப் பட்டியலில் இல்லை. நான் மறுக்கவில்லை. "தம்பி, கொஞ்சம் பொறு, அப்பா மனசு இளகட்டும்" என்று பையனிடம் சொன்னேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். நாலாவது மாதம் அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு சென்னைக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சி சபைக்கு நிறையச் செய்கிறவர், கோபுர வேலை பாதியில் நின்றது. நான் கலாத்தியரை விளக்கி எத்தனையோ பிரசங்கம் பண்ணியவன். அவர் "அது வேற" என்று நம்பினார், நான் அது வேறில்லை என்று தெரிந்தே தள்ளிப்போட்டேன். வேஷம் என்கிற சொல் அந்த அறையில் யாருக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியும்.

இனி இரண்டாவது கேள்வி, லட்சியமே பொய்யா என்பது. இதில் நான் இல்லை என்றுதான் சொல்வேன், நான் குருவானவர் என்பதால் அப்படிச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் நியாயமே. ஆனால் தோள்சீலைப் போராட்டத்தைப் பாருங்கள். தென் திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் உரிமை இல்லாத நாடார் பெண்கள், கிறிஸ்தவர்களான பிறகு ரவிக்கை போட்டார்கள். மேல்சாதி ஆட்கள் அதைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள், அடித்தார்கள், கிறிஸ்தவர்களின் கோயில்களைக் கொளுத்தினார்கள். பெண்கள் மறுபடியும் போட்டார்கள். 1820-களில் தொடங்கி 1859-ல் அரச ஆணை வரும் வரை நடந்தது. அந்தப் பெண்களுக்கு மீட் போன்ற மிஷனரிகள் கூட நின்றார்கள், ஆனால் அடி வாங்கியது அவர்கள் உடம்பு. எல்லோரும் தேவ சாயல் என்று கேட்டதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள், "அது வேற" என்று பிரித்து வைக்கவில்லை. அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்றைக்குத் தங்களுக்குக் கீழே யார் என்று பார்க்கிறார்கள் என்பதும் உண்மை. எதையும் மறைக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த மிஷனரிகளுக்கும், வேதத்தைச் சொல்லிவிட்டு நம்மவரைச் சமமாக நடத்தாததில், இதே கதிதான். வெள்ளாளன்விளையில் பிறந்து இந்தியாவின் முதல் ஆங்கிலிக்க இந்தியப் பேராயரான அசரியா, 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகள் முன்னால் எழுந்து நின்று, நீங்கள் ஆஸ்தியையெல்லாம் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், நண்பர்களைத் தாருங்கள் என்றார். அவர் எடுத்து அடித்தது அவர்கள் கல்யாணத்திலும் சாவிலும் வாசிக்கிற அதே கொரிந்தியர் பதிமூன்றாம் அதிகாரத்தை. அந்தப் புஸ்தகம் அவர்கள் கையில் இல்லாமலிருந்தால் அவர் எதை எடுத்து அடித்திருப்பார்?

மாற்றம் இருக்கிறதா என்று கேட்டால், என் கண்ணில் பட்ட வரை பந்தியில் இருக்கிறது, கல்யாணத்தில் கொஞ்சம், பதவியில் குறைவு. சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு வந்தால் இப்போது யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை, கறிக்குழம்பு தீர்வதற்குள் இடம் பிடிப்பதுதான் கவலை. நான் சிறுவனாக இருந்தபோது அப்படி இல்லை.

நண்பரிடம் இதைக் கேட்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். கேளுங்கள், ஆனால் நீ வேஷக்காரன் என்று தொடங்காதீர்கள். அவர் சபையிலேயே வேறு சாதியில், நல்ல வேலையில், ஜெபிக்கிற பையன் ஒருவன் பெண் கேட்டு வந்தால் தங்கையைக் கொடுப்பாரா என்று மட்டும் கேளுங்கள். "அது வேற" என்று சொன்னால், ஏன் வேறு என்று இன்னொரு முறை கேளுங்கள். "எங்க ஐயருகிட்டதான் கேக்கணும்" (குருவானவரை நாங்கள் ஐயர் என்போம்) என்று அவர் சொன்னால், அந்த ஐயரிடமே கேட்கச் சொல்லுங்கள்.